விலை பேச ஆளில்லாத சந்தை: இந்தியாவில் மருத்துவமும் காப்பீடும் ஏன் இவ்வளவு செலவாகின்றன?

1. ஓர் இரவில் இறங்கிய விலை

2017 பிப்ரவரி 13 வரை, அடைபட்ட இதய ரத்தக் குழாயை விரித்துப் பொருத்தும் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் சராசரி எம்.ஆர்.பி. இந்தியாவில் 1,21,400 ரூபாய். அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. மறுநாள் அதன் உச்சவரம்பு 29,600 ரூபாய் ஆனது. மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்டின் விலை 45,100 ரூபாயிலிருந்து 7,260 ரூபாய்க்கு இறங்கியது. இரண்டு உச்சவரம்புகளும் வரி நீங்கலானவை.

அந்த இரவில் எந்த ஆலையிலும் புதிய இயந்திரம் வரவில்லை; உலோகம் மலிவாகவில்லை; டாக்டர்களின் கைத்திறன் மாறவில்லை. மாறியது ஒன்றுதான். அதுவரை நோயாளியின் சார்பில் யாரும் பேசாத இடத்தில், சட்ட அதிகாரம் உள்ள ஒருவர் வந்து விலை பேசினார். அதுவும் தானாக வரவில்லை. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாகவே 2016இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குள் வந்தது. அதற்குப் பிறகே விலைக் கட்டுப்பாடு சாத்தியமானது.

அப்படியானால் அதற்கு முன் ஒவ்வொரு நோயாளியும் கூடுதலாகக் கொடுத்த ஏறத்தாழ 92,000 ரூபாய் எங்கே போயிற்று? மருத்துவம் ஏன் இவ்வளவு செலவாகிறது என்ற பெரிய கேள்வியை இந்தச் சிறிய கேள்வியின் வழியாக அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். சிகிச்சை அளிக்க ஆகும் செலவு ஒன்று, சிகிச்சைக்கு வாங்கப்படும் விலை வேறொன்று. நம் நாட்டில் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிது. விலை நிர்ணயமாகும் இடத்தில் நோயாளியின் பக்கம் பலமாக உட்கார்ந்து பேச ஆளில்லாததே அந்தத் தூரத்திற்கு முதற்காரணம் என்பது என் வாதம். அந்த நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டிய காப்பீட்டு நிறுவனம் ஏன் அமரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

2. வழக்கமான விளக்கங்களும் அவற்றின் எல்லையும்

இத்துறையில் எல்லோரும் திரும்பிச் செல்லும் மூலக் கட்டுரை 1963இல் கென்னத் ஆரோ எழுதியது. நோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்த பின் எந்தச் சிகிச்சை தேவை என்பதும் நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்கே தெரியும். வாங்குபவருக்காக விற்பவரே முடிவெடுக்கும் இந்த நிலையில், சாதாரணச் சந்தையின் விதிகள் செல்லாது என்று ஆரோ காட்டினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இது அசையாத அடித்தளம்.

அதன் மேல் எழுந்த விளக்கங்கள் பலதரப்பட்டவை. வில்லியம் பாமோல் 1960களில் சொன்னது கூலி பற்றியது: செவிலியர் ஒரு நோயாளியைக் கவனிக்கும் நேரத்தை இயந்திரத்தால் குறைக்க முடியாது, ஆனால் பிற துறைகளில் கூலி ஏற ஏற மருத்துவத்திலும் கூலி ஏறியாக வேண்டும். ஆகவே மருத்துவச் செலவு என்றும் மற்றவற்றைவிட வேகமாக உயரும். மார்க் பாலி 1968இல் காப்பீட்டையே காரணம் காட்டினார்: பணம் தன் கையிலிருந்து போகாதபோது மக்கள் தேவைக்கு மேல் சிகிச்சை பெறுகிறார்கள். இவற்றுக்கு மாறாக, 2003இல் ஜெரார்ட் ஆண்டர்சன், ஊவே ரைன்ஹார்ட் முதலியோர் அமெரிக்காவைப் பிற வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தனர். அமெரிக்கர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவமனைக்குப் போவதில்லை, அதிக நாள் படுப்பதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் அவர்கள் கொடுக்கும் விலைதான் அதிகம்.

இந்தியாவுக்கு இவற்றில் எது பொருந்தும்? பாமோலின் விளக்கம் நம் தனியார் மருத்துவமனைகளின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் வார்டில் நிற்கும் செவிலியரின் ஊதியம் எவ்வளவு குறைவு என்பது ஊரறிந்த செய்தி. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு ஒன்று 2016இல், 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகளில்கூட மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தரவேண்டும் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பரிந்துரைக்கத்தான் முடிந்தது, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த முடியவில்லை. பில் ஏறியதற்குச் செவிலியர் சம்பளம் காரணமல்ல.

மக்கள் தேவைக்கு மேல் சிகிச்சை பெறுகிறார்கள் என்ற வாதத்தை இன்னும் கவனமாக எடைபோட வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். தனியாருக்குச் செல்லும் பெண்களின் வயது, வசதி, விருப்பம் ஆகியவை வேறுபடலாம் என்பதை ஒப்புக்கொண்டாலும் இந்த இடைவெளியை உடலியலால் மட்டும் விளக்க முடியாது. அறுவைச் சிகிச்சை எண்ணிக்கை பெருகுவது உண்மை. ஆனால் அந்தப் பெருக்கத்தை ஆரோவின் பக்கம் வைப்பதே நியாயம், பாலியின் பக்கம் அல்ல. பிரசவ வலியில் படுத்திருக்கும் பெண்ணோ வாசலில் நிற்கும் அவள் தாயோ சிசேரியன் வேண்டுமா என்று முடிவெடுப்பதில்லை. ‘குழந்தைக்குச் சிரமம்’ என்று சொல்லப்பட்டதும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

எண்ணிக்கை ஒரு பகுதி என்றால், விலை மற்றொன்று. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18) தரும் கணக்கு: பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய்; தனியாரில் 31,845 ரூபாய். அரசு மருத்துவமனையின் சம்பளமும் கட்டடமும் வரிப்பணத்தில் நடப்பதால் இது நேரான ஒப்பீடல்ல. ஆனால் ஏழு மடங்கு என்பது எதையோ சொல்கிறது.

3. எம்.ஆர்.பி.யின் தலைகீழ்ப் போட்டி

ஒரு சோப்புக் கம்பெனி தன் சோப்பு அதிகம் விற்க வேண்டுமென்றால் விலையைக் குறைக்கும். மருத்துவமனைக்குள் விற்கும் பொருளுக்கு இது தலைகீழ். அங்கே எந்த ஊசி, எந்த ஐ.வி. செட், எந்த ஆன்டிபயாடிக் என்று தேர்வு செய்வது நோயாளி அல்ல, மருத்துவமனை. பணம் கொடுப்பதோ நோயாளி. மருத்துவமனை வாங்கும் விலைக்கும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கும் உள்ள இடைவெளிதான் அதன் லாபம். எனவே இரண்டு கம்பெனிகள் ஒரே மருத்துவமனைக்கு விற்கப் போட்டியிட்டால், கூடுதல் எம்.ஆர்.பி. அச்சிட்டு வரும் கம்பெனியே வெல்கிறது. போட்டி விலையை இறக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே போட்டியே விலையை ஏற்றுகிறது.

இது ஊகம் அல்ல. ஸ்டென்ட் விலைக் கட்டுப்பாட்டுக்கு முன் ஆணையம் திரட்டிய விவரங்களில், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், மருத்துவமனை என்ற சங்கிலியில் மருத்துவமனையின் லாப விகிதம் சில இடங்களில் 654 சதவீதம் வரை போயிருந்தது. 2018 பிப்ரவரியில் அதே ஆணையம் தில்லி வட்டாரத்து நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. மருந்து, ஒருமுறை பயன்பாட்டுப் பொருட்கள், பரிசோதனைகள் மூன்றும் சேர்ந்து மொத்தப் பில்லில் ஏறத்தாழ 46 சதவீதம். சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை. அதிக எம்.ஆர்.பி. அச்சிடும்படி தங்களுக்கு நெருக்கடி இருப்பதாகத் தயாரிப்பாளர்கள் தரப்பில் சொல்லப்பட்டதையும் அந்த அறிக்கை பதிவு செய்கிறது.

மருத்துவமனையில் ஒருவரைச் சேர்க்கும் குடும்பம் முன்கூட்டி விசாரிப்பது இரண்டே தொகைகளை: அறை வாடகை எவ்வளவு, ஆபரேஷனுக்கு எவ்வளவு. இந்த இரண்டில்தான் மருத்துவமனைகள் ஓரளவு போட்டியிடுகின்றன. பில்லின் கண்ணுக்குத் தெரியாத பாதி, அதாவது கையுறை, சிரிஞ்ச், கேனுலா, டிரிப்ஸ், மருந்து என்று பக்கம் பக்கமாக நீளும் பட்டியல், சேர்ந்த பிறகே தெரியவருகிறது. அப்போது வெளியே போய் வாங்கி வருகிறேன் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. சொன்னாலும் அனுமதி இல்லை.

இந்திய மருந்து விலைச் சட்டத்தின் வரலாறே விலை பேசும் இடத்தை விட்டு மெல்லப் பின்வாங்கிய வரலாறுதான். 1979 ஆணையில் 347 மருந்துகள் கட்டுப்பாட்டில் இருந்தன. 1987இல் அது 142 ஆயிற்று. 1995இல் எழுபத்துச் சொச்சம். 2013 ஆணை அத்தியாவசிய மருந்துப் பட்டியல் முழுவதையும் உள்ளே கொண்டுவந்தது, அது நல்லதுதான். ஆனால் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்த பழைய முறையைக் கைவிட்டு, சந்தையில் ஒரு சதவீதமும் அதற்கு மேலும் விற்கும் பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, 16 சதவீதச் சில்லறை லாபம் சேர்த்து உச்சவரம்பு வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே ஏறியிருக்கும் விலையின் சராசரி ஏறிய விலையாகத்தானே இருக்கும்? பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏற்றிக்கொள்ள அனுமதியும் உண்டு.

வரம்பு வைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு இன்னொரு சான்று. 2019இல் ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் விலையை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. வணிக லாபத்தை மட்டும் 30 சதவீதத்திற்குள் நிறுத்தியது. தயாரிப்பாளர் தன் விலையை வைத்துக்கொள்ளலாம், இடையில் ஏற்றுவதற்குத்தான் வரம்பு. அவ்வளவிலேயே ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகளின் விலை இறங்கியது, சிலவற்றில் 90 சதவீதம் வரை. ஆராய்ச்சிச் செலவுதான் மருந்து விலைக்குக் காரணம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். மருந்தைக் கண்டுபிடித்தவரின் பங்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

4. காப்பீடு: பணம் திரட்டுகிறது, விலை பேசுவதில்லை

இந்தியாவில் தனிநபர் மருத்துவக் காப்பீடு 1986இல் பொதுத்துறையின் ‘மெடிக்ளெய்ம்’ பாலிசியோடு தொடங்கியது. 1999இன் காப்பீட்டு ஒழுங்குமுறைச் சட்டத்திற்குப் பிறகு தனியார் வந்தனர். 2001இல் மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் இடையே டி.பி.ஏ. என்ற இடைநிலை அமைப்பு ஒழுங்குமுறைக்குள் வந்தது. ‘கேஷ்லெஸ்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். 2023–24இல் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு பணத்தைக் கையில் வைத்திருப்பவர் சந்தையில் பெரிய ஆள். பெரிய ஆள் விலை பேச வேண்டும். ஒருமுறை பேசினார்கள். 2010 ஜூலையில் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் தில்லி, மும்பை, சென்னை, பெங்களூரு நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் கேஷ்லெஸ்ஸை நிறுத்தின. காப்பீடு உள்ளவருக்கு ஒரு கட்டணம், இல்லாதவருக்கு ஒரு கட்டணம் என்று வாங்குகிறார்கள், பில்லை ஊதிப் பெருக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நோயாளிகள் தவித்தார்கள், ஊடகங்கள் கண்டித்தன. முடிவில் சில சிகிச்சைகளுக்குப் பேக்கேஜ் கட்டணம் பேசி ஒரு மருத்துவமனைப் பட்டியல் உருவானது. அந்த முயற்சி நோயாளியைப் பணயமாக வைத்து நடந்தது என்பது உண்மை. எனினும் விலை பேசினால் விலை இறங்கும் என்பதை அது காட்டியது. 2025 ஆகஸ்டில் இதே காட்சி தலைகீழாக அரங்கேறியது: இரண்டு தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் கேஷ்லெஸ்ஸைத் தங்கள் உறுப்பினர்கள் ஏற்கமாட்டார்கள் என்று மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று அறிவித்தது. பின்னர் சமரசமாயிற்று.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் வேறொரு வழியை எளிதாகக் கண்டன. மருத்துவமனையிடம் விலையைக் குறைப்பதற்குப் பதில் பாலிசிதாரரிடம் க்ளெய்மைக் குறைப்பது. இதன் இயக்கத்தை நெருங்கிப் பார்க்க ஒரு கணக்குப் போடலாம். இது எடுத்துக்காட்டுக் கணக்கு, ஆனால் விதிகள் நடைமுறையில் உள்ளவை.

ஒருவரிடம் ஐந்து லட்சம் ரூபாய் பாலிசி இருக்கிறது. அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அவர் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் படுக்கிறார். பில் 2,40,000. இதில் அறை வாடகை 32,000; டாக்டர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்கள் 1,28,000; மருந்து, பரிசோதனை முதலியன 80,000. அறைக்குக் கூடுதலாகச் செலவானது 12,000 மட்டும், அதை நாம் கட்டிவிடலாம் என்றுதான் குடும்பம் நினைக்கும். ஆனால் வரம்பைத் தாண்டிய அறையில் படுத்ததால் டாக்டர், தியேட்டர் கட்டணங்களும் எட்டில் ஐந்து பங்காக வெட்டப்படும்: 1,28,000க்கு 80,000 மட்டுமே கிடைக்கும். மருந்துக் கணக்கில் பாலிசி ஏற்காத பொருட்கள் என்று ஒரு 6,000 கழியும். ஆக நிறுவனம் தருவது 1,74,000. டிஸ்சார்ஜ் அன்று மாலை, பில்லிங் கவுண்டரில் குடும்பம் தன் கையிலிருந்து கட்ட வேண்டியது 66,000.

இந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: உயர்ந்த அறைக்கு மருத்துவமனை எல்லாக் கட்டணங்களையும் உயர்த்தியே வாங்குகிறது, ஆகவே நாங்களும் அந்த விகிதத்தில் குறைக்கிறோம். உண்மைதான். ஒரே டாக்டர், ஒரே தியேட்டர், ஒரே கத்தி. ஜெனரல் வார்டு நோயாளிக்கு ஒரு கட்டணம், ஏசி தனியறை நோயாளிக்கு வேறு கட்டணம். செலவுக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அறையின் தரத்தை வைத்து நோயாளியின் வசதியை மதிப்பிட்டு, அதற்கேற்ப விலை வைக்கிறது மருத்துவமனை. அந்த முறையை எதிர்த்து நிற்க வேண்டிய காப்பீட்டு நிறுவனம் அதை அப்படியே ஒப்புக்கொண்டு, வித்தியாசத்தைப் பாலிசிதாரர் தலையில் வைக்கிறது. இரண்டு பலசாலிகளுக்கு இடையே நடக்க வேண்டிய பேரம், பலமே இல்லாத மூன்றாமவர் மீது தீர்க்கப்படுகிறது.

பிரீமியம் ஏன் ஏறுகிறது என்பதற்கும் இங்கே பாதி விடை இருக்கிறது. பில் ஏறினால் க்ளெய்ம் ஏறும். க்ளெய்ம் ஏறினால் அடுத்த ஆண்டுப் பிரீமியம் ஏறும். நிறுவனத்திற்கு நட்டமில்லை. மறுபாதி, நிறுவனத்தின் உள்செலவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2023–24 அறிக்கையின்படி, பொதுத்துறை நிறுவனங்கள் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாய் பிரீமியத்துக்கும் நூறுக்குச் சற்று அதிகமாகவே க்ளெய்மாகக் கொடுத்திருக்கின்றன. மருத்துவக் காப்பீட்டை மட்டும் செய்யும் தனித்த நிறுவனங்கள் கொடுத்தது சுமார் 65. இந்த வித்தியாசத்தை முழுக்க லாபவெறி என்று படித்துவிடக் கூடாது. பொதுத்துறையில் குழுக் காப்பீடு அதிகம். தனித்த நிறுவனங்களில் தனிநபர் பாலிசிகளும், காத்திருப்புக் காலத்தில் உள்ள புதிய பாலிசிகளும் அதிகம். ஆனால் அந்த விளக்கமே பிரச்சினையைச் சுட்டுகிறது. ஆயிரம் ஊழியர்களுக்குச் சேர்த்து பாலிசி எடுக்கும் கம்பெனி பேரம் பேசிக் குறைந்த பிரீமியத்தில் வாங்குகிறது. தனியாக, ஏஜென்ட் வழியே வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரால் பேச முடியாது. தனித்த நிறுவனங்கள் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷனுக்கும் நிர்வாகத்துக்கும் செலவழிக்க நம் விதிகள் இடம் தருகின்றன. அமெரிக்காவின் 2010 சட்டம் தனிநபர் பாலிசிகளின் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் சிகிச்சைக்குப் போகவேண்டும், போகாவிட்டால் மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. மருத்துவச் செலவுக்கு மோசமான உதாரணமாக நாம் காட்டும் நாட்டில்கூட அந்தப் பாதுகாப்பு உண்டு, இங்கே இல்லை.

முதியவர்களின் நிலை இன்னும் கடினம். ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சந்தையில் காப்பீடு கிடைப்பது ஏன் அரிதாகிறது என்பதை விளக்கியிருக்கிறார்: பிரீமியம் ஏற ஏற நோயற்றவர்கள் விலகுவார்கள், நோயுள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், பிரீமியம் மேலும் ஏறும். 2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை முன்கலந்தாலோசனை இல்லாமல் ஆண்டுக்குப் பத்து சதவீதத்திற்கு மேல் ஏற்றக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் இரண்டும் பிரீமியத்தைத் தொடுகின்றன, பில்லைத் தொடவில்லை. பத்து பத்து சதவீதமாக ஏறினாலும் எட்டு ஆண்டுக்குள் தொகை இருமடங்காகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லும். குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கே விலக்கு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீடு இல்லை; அந்த மாத்திரையை வாங்க முடியாமல் விட்டு, பக்கவாதம் வந்து படுத்தால் காப்பீடு உண்டு. காய்ச்சலோடு வந்தவரை ‘எதுக்கும் ஒரு நாள் அட்மிட் பண்ணிடலாம்’ என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

5. வாங்குபவர் பலசாலியாக இருந்த இடங்கள்

எதிர்ச்சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அடுத்த ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்கத் தொடங்கியது. அதன் வழிமுறையில் மாயம் எதுவும் இல்லை. பிராண்ட் பெயரில் அல்ல, மருந்தின் மூலப்பெயரில் கேட்பது; தகுதி ஓர் உறையிலும் விலை ஓர் உறையிலுமாக டெண்டர் வாங்குவது; வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, பெயர் மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து விநியோகிப்பது; ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதன் ஒதுக்கீட்டில் எடுத்த மருந்தின் மதிப்பைக் கழித்துக்கொண்டே வருவது.

ஏழு கோடி மக்களின் தேவையைச் சேர்த்துக் கேட்கும் ஒருவரிடம் எம்.ஆர்.பி. என்ற பேச்சே எழுவதில்லை. கம்பெனி, டாக்டர்களைத் தேடிப்போய்ச் சந்திக்க ஆள் வைக்க வேண்டாம், விநியோகஸ்தருக்கும் கடைக்கும் லாபம் விடவேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரப்படும், ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட அட்டையில் உள்ள அதே மருந்து வெளியே பல மடங்கு விலைக்கு விற்கிறது. கேரளம் 2007இலும் ராஜஸ்தான் 2011இலும் இதே போன்ற கழகங்களை அமைத்தன. குறைகள் இல்லாமல் இல்லை. மருந்துத் தட்டுப்பாடு பற்றிய செய்திகள் அவ்வப்போது வரவே செய்கின்றன. ‘கவர்மென்ட் மாத்திரை கேக்காது’ என்ற அவநம்பிக்கையும் போகவில்லை. ஆனால் விலை விஷயத்தில் முப்பது ஆண்டுச் சான்று ஒரே திசையில்தான் இருக்கிறது.

அரசு சாராத சான்றும் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையில் வைக்கும் உள்விழி லென்ஸின் இறக்குமதி விலை தன் ஏழை நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டது. 1992இல் ஆரோலேப் என்ற அமைப்பை உருவாக்கி அதைத் தானே தயாரித்தது. நூறு டாலர் அளவில் இருந்த விலை பத்து டாலருக்குக் கீழே வந்தது. வாங்குபவரே தயாரிப்பவராக மாறினால் லென்ஸின் உண்மையான செலவு எவ்வளவு என்பது வெளியே தெரிந்துவிடுகிறது. லென்ஸ் என்பது எண்ணி எடுத்து விற்கும் பொருள். புற்றுநோய்ச் சிகிச்சையையோ தீவிர சிகிச்சைப் பிரிவையோ இதே வழியில் மலிவாக்கிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை.

அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ 2007இலும், தமிழ்நாட்டின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009இலும், அதன் தொடர்ச்சியான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இலும், ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018இலும் வந்தன. இவற்றில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் தொகை உண்டு. அதாவது அரசு விலை பேசுகிறது. தனியார் பில்லில் பெருந்தொகையாக வரும் அதே அறுவை அதே மருத்துவமனையில் இத்திட்டத்தில் அதைவிட வெகுவாகக் குறைந்த தொகைக்கு நடக்கிறது.

6. மருத்துவமனைகளின் தரப்பு

இங்கேதான் மருத்துவமனைகளின் எதிர்வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அரசு தரும் தொகை செலவுக்கே கட்டவில்லை, அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது, அந்த நட்டத்தை மற்ற நோயாளிகளின் பில்லில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஒன்றிய அரசு ஊழியர் மருத்துவ நலத் திட்டத்தின் கட்டணங்கள் 2014க்குப் பின் 2025 அக்டோபரில்தான் முழுமையாகத் திருத்தப்பட்டன. பதினோரு ஆண்டு பழைய விலைக்கு யாராலும் சேவை தர முடியாது. 2025 ஆகஸ்டில் அரியானாவில் தனியார் மருத்துவமனைகள் நிலுவையைக் காரணம் காட்டி ஆயுஷ்மான் சிகிச்சையை நிறுத்தின. பலமான வாங்குபவர் நியாயமான வாங்குபவராகவும் இருக்க வேண்டும். காலத்தில் பணம் தராத அரசு விலை பேசும் தகுதியை இழக்கிறது.

ஸ்டென்ட் விலை இறங்கிய பிறகு ஆஞ்சியோபிளாஸ்டியின் மொத்தக் கட்டணம் அதே அளவுக்கு இறங்கவில்லை, குறைந்த தொகை வேறு தலைப்புகளில் ஏறிவிட்டது என்ற புகார்களையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு பொருளின் விலையை மட்டும் பிடித்தால் மற்றொன்று ஏறும். ஆகவே பிடிக்க வேண்டியது பொருளை அல்ல, சிகிச்சை முழுவதன் கட்டணத்தை. எந்தச் சிகிச்சைக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு, அதில் நியாயமான லாபமும் செவிலியருக்கு நியாயமான ஊதியமும் சேர்த்து விலை வைக்கட்டும் என்றால், மருத்துவமனைகள் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். நட்டம் என்று சொல்பவர்கள் அதைக் காட்டத் தயங்குவது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

7. சட்டம் இருக்கிறது, பட்டியல் இல்லை

1946இல் நாட்டின் மருத்துவ அமைப்பைத் திட்டமிட்ட போர் (Bhore) குழு, பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று எழுதியது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021–22இல் அது 1.84 சதவீதம். மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செய்யும் செலவின் பங்கு 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்து 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் பங்கு குறைவது வேறு, தொகை குறைவது வேறு.

கட்டண ஒழுங்குக்குச் சட்டங்கள் உண்டு. ஒன்றிய அரசின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010இல் வந்தது. அதன் 2012 விதிகள், அரசு நிர்ணயிக்கும் கட்டண வரம்புக்குள் வாங்க வேண்டும் என்கின்றன. அந்த வரம்பு நிர்ணயிக்கப்படவே இல்லை என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில், மருத்துவமனை தன் மருந்தகத்திலேயே வாங்கும்படி நோயாளியைக் கட்டாயப்படுத்துவது பற்றி நீதிமன்றமே உத்தரவிட மறுத்து, கொள்கை வகுப்பதை மாநிலங்களிடம் விட்டது.

மாநிலத்தால் முடியுமா? 2020 ஜூனில் முடிந்தது. கொரோனாவின்போது தமிழ்நாடு அரசு தனியார் மருத்துவமனைகளைத் தரம் பிரித்து, சாதாரண வார்டுக்கு நாளொன்றுக்கு 5,000 முதல் 7,500 ரூபாய், தீவிர சிகிச்சைக்கு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. மீறல்கள் நடந்தன, புகார்கள் குவிந்தன. ஆனால் கையில் அரசாணையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பில்லிங் கவுண்டரில் வாதாட முடிந்த காலம் அது ஒன்றுதான்.

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டின் ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவோடு, அதிகம் நடக்கும் ஐம்பது சிகிச்சைகளுக்கான முழுக் கட்டணத்தையும், அறை எதுவாயினும் டாக்டர் கட்டணம் ஒன்றே என்ற உறுதியையும் கேட்டுப் பெற்று வெளியிடுவதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. மருத்துவப் பணிகள் கழகம் அதே மருந்துகளை வாங்கும் விலை அரசிடமே இருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகைகளும் அரசிடமே இருக்கின்றன. இந்த மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்து மக்கள் படிக்கும்படி செய்யும் வேலை இன்னும் தொடங்கப்படவில்லை. அதை முதலில் எதிர்ப்பவர்கள் யார் என்பதைப் பார்த்தாலே, அந்த 92,000 ரூபாயில் யார் யாருக்குப் பங்கிருந்தது என்பது தெரிந்துவிடும்.